பிங்க் ஃப்ளாய்டைக் கேட்கத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இசையைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் பிங்க் ஃப்ளாய்டில் போய்த்தான் நிற்பேன் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். அதனாலேயே அந்தக் குழுவைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள், பாதியில் விட்டவர்கள், பிடித்துப்போய் மேலும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் என்று பலரும் என்னிடம் தங்கள் ஐயங்களைக் கேட்டிருக்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

யார் இவங்க? பிங்க்னு ஒருத்தர், ஃப்ளாய்ட்னு ஒருத்தர் இருந்தாங்களா?

1965-இல் லண்டனில் உருவான ராக் இசைக்குழு இது. கிடார் வாசித்துப் பாடிய சிட் பாரெட், பேஸ் கிடார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ், கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட், டிரம்ஸ் வாசித்த நிக் மேசன் ஆகிய நால்வரோடு தொடங்கிப் புகழ்பெற்றது. வாட்டர்ஸ், ரைட், மேசன் மூவரும் கட்டடக்கலை படிக்கப் போன கல்லூரியில் ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்கள். கிடார் கலைஞரான டேவிட் கில்மோர் 1968-இன் தொடக்கத்தில் ஐந்தாவது ஆளாக வந்து சேர்ந்தார்.

பிங்க் என்றோ ஃப்ளாய்ட் என்றோ குழுவில் யாரும் இருந்ததில்லை. பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களைச் சேர்த்து பாரெட் வைத்த பெயர்தான் இது.

சைக்கடெலிக்னு சொல்றாங்க, புரோகிரசிவ்னும் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா, வேறயா?

வேறு வேறு, ஆனால் இந்தக் குழுவின் வாழ்க்கையில் ஒன்றிலிருந்து மற்றொன்று முளைத்தது. 1960-களின் நடுவில் மனமயக்க அனுபவங்களை ஒலியால் காட்ட முயன்ற ராக் இசைக்குச் சைக்கடெலிக் என்று பெயர். எதிரொலி, திசை தெரியாமல் நீளும் வாசிப்பு, கனவுபோன்ற பாடல் வரிகள், மேடையெங்கும் உருகி ஓடும் வண்ண ஒளி ஆகியவை அதன் அடையாளங்கள். 1966 டிசம்பரில் லண்டனில் தொடங்கிய யூ.எஃப்.ஓ. கிளப்பில் பிங்க் ஃப்ளாய்ட் வாசித்தது இத்தகைய இசையைத்தான். 1967-இல் வந்த முதல் ஆல்பமும், அதற்குச் சற்று முன்பு தனியாக வெளிவந்து பிரிட்டனில் 6-ஆம் இடம் வரை ஏறிய 'சீ எமிலி ப்ளே' என்ற பாடலும் அந்தக் காலத்தின் பதிவுகள். இரண்டுமே பெருமளவு பாரெட்டின் கற்பனை. இந்தப் பாடலின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு வேலை இருக்கிறது.

மூன்று நிமிடம், இரண்டு சரணம், நடுவில் ஒரு கிடார் என்ற அச்சை உடைத்து, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே படைப்பாக்கத் துணிந்தது புரோகிரசிவ் ராக். அந்த வகையைச் சேர்ந்த பல குழுக்கள் விரல் வேகத்தையும் தாளச் சிக்கலையும் காட்டிப் பெயர் வாங்கின. பிங்க் ஃப்ளாய்டோ மெதுவாகப் போயிற்று. இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடலாம் என்பதில் இவர்கள் காட்டிய துணிச்சலை நான் வேறெந்த ராக் குழுவிடமும் கண்டதில்லை.

எந்த ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்கணும்?

பெரும்பாலானோர் 1973-இல் வெளிவந்த 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' என்பார்கள். தவறில்லை. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 1973-க்கும் 1988-க்கும் இடையே மொத்தம் 741 வாரங்கள் இடம்பிடித்திருந்த ஆல்பம் அது. ஆனால் நான் பரிந்துரைப்பது அதற்கு அடுத்ததாக 1975-இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்'. அதில் ஐந்தே தடங்கள், மொத்தம் முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. குழுவின் பொறுமை, துயரம், கோபம், கில்மோரின் கிடார், ரைட்டின் கீபோர்டு எல்லாம் அந்த ஒன்றிலேயே முழுமையாகக் கிடைக்கின்றன.

அதற்குப் பிறகு 'டார்க் சைட்', அப்புறம் 1971-இன் 'மெடில்', அப்புறம் 1977-இன் 'அனிமல்ஸ்' என்று போகலாம். பாரெட் காலத்து முதல் ஆல்பத்தை அதற்கும் பின்னால் கேட்பது நல்லது. முதலிலேயே கேட்டால் அது வேறொரு குழுவோ என்று தோன்றும். ஒரு வகையில் அது வேறு குழுதான்.

பாட்டு ஆரம்பிக்கவே இவ்வளவு நேரம் ஆகுதே! நான் எதையாவது தவறவிடறேனா?

இந்தக் கேள்வி அநேகமாக 'ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்' பாடலைக் கேட்டவர்களிடமிருந்துதான் வருகிறது. மேலே பரிந்துரைத்த ஆல்பத்தின் முதல் தடம் அது. ஏறத்தாழ எட்டரை நிமிடம் கழிந்த பிறகே அதில் மனிதக் குரல் கேட்கும். பாட்டு அதற்குப் பிறகு தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தால் அந்த எட்டரை நிமிடம் பெரும் சோதனைதான். ஆலாபனையை நாம் பாட்டுக்கான காத்திருப்பாகவா கேட்கிறோம்? ராகம் அங்கேதான் முகம் காட்டுகிறது. இங்கும் அப்படியே. ஆரம்பத்தில் ஒரு நீர்ப்பரப்பு போல ஒலி விரிகிறது. ஒயின் கோப்பைகளின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்து எடுத்த ஓசையும் அதில் கலந்திருக்கிறது. அதன்மேல் கில்மோரின் கிடார் அவசரமில்லாமல் பேசுகிறது. பிறகு அது அடங்கி, நான்கே நான்கு ஸ்வரங்கள் மட்டும் தனியாக ஒலித்துக் காற்றில் நிற்கின்றன. மீண்டும் அதே நான்கு. அதன் பின்னரே டிரம்ஸ் உள்ளே வருகிறது.

எனக்கும் முதல் முறை இது பிடிபடவில்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டே, ஒரு பக்கம் வேலை செய்யாத ஹெட்ஃபோனில் கேட்டேன். பல மாதங்கள் கழித்து ஒரு நள்ளிரவில் விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு காதுக்கும் ஒழுங்காகக் கேட்கும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டபோது, அந்த நான்கு ஸ்வரங்கள் வந்த இடத்தில் மூச்சு ஒரு கணம் நின்றது. பாட்டு முடிந்த பிறகும் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து நான் இவர்களின் ஆள்.

ஷஃபிள் போட்டுக் கேட்டா என்ன குறைஞ்சிடும்?

நிறையக் குறைந்துவிடும். 'டார்க் சைட்' இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடிகிறது; இடையில் ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையாகிறது. வரிசையைக் கலைத்தால் வாக்கியத்தின் சொற்களைக் குலுக்கிப் போட்டதாகிவிடும். ஒரு முறையாவது முதலிலிருந்து கடைசிவரை எழுந்திருக்காமல் கேளுங்கள்.

எனக்கு இங்கிலீஷ் வரி அவ்வளவா புரியாது. ரசிக்க முடியுமா?

தாராளமாக முடியும். 'டார்க் சைட்' ஆல்பத்தில் மரணத்தைப் பற்றிய 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' என்ற தடத்தில் பாட்டு வரிகளே இல்லை. ரைட்டின் பியானோவுக்கு மேல் ஒரு பெண் சொல் எதுவும் இன்றிக் கதறுகிறார், கெஞ்சுகிறார், கடைசியில் தணிந்து அடங்குகிறார். பாடியவர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வரவழைக்கப்பட்டுச் சில மணி நேரத்தில் பாடி முடித்து, 30 பவுண்டு கூலி வாங்கிக்கொண்டு போனார். அந்த இசையை உருவாக்கியதில் தமக்கும் பங்குண்டு என்று பிற்காலத்தில் அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் சமரசம் ஏற்பட்டு, ரைட்டோடு சேர்ந்து இசையமைத்தவராக அவர் பெயரும் இடம்பெறலாயிற்று. அது நியாயம்தான் என்பது கேட்கும் யாருக்கும் புரியும்.

வரிகளைப் பிறகு அச்சில் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். வாட்டர்ஸ் எளிய சொற்களில் எழுதியவர். காலம் கைநழுவிப் போவது, பணம், மனப்பிறழ்வு, உடனிருந்தவர் இல்லாமல் போவது ஆகியவைதான் அவருடைய பொருள்கள்.

போதை போட்டுக்கிட்டுக் கேட்டாதான் இந்த மியூசிக் புரியும்னு சொல்றாங்களே?

இல்லை. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். சைக்கடெலிக் இசை எல்.எஸ்.டி. பரவிய காலத்தில் பிறந்தது என்பது வரலாறு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் குழு தன் பெரும் படைப்புகளை மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஒலிநாடாவை அளந்து வெட்டி ஒட்டி, நுணுக்கமாகச் செதுக்கியது. நுணுக்கமாகச் செய்ததைத் தெளிந்த புத்தியோடு கேட்டால்தான் அந்த நுணுக்கம் தெரியும்.

அதோடு, இவர்களுடைய இசையின் ஆழத்தில் கிடக்கும் துயரமே எல்.எஸ்.டி.யை அளவின்றி உட்கொண்ட காலத்தில் நிலைகுலைந்துபோன ஒரு நண்பனைப் பற்றியது. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் போதையைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது. அவரைப் பற்றிய கேள்வி கீழே வருகிறது.

'எக்கோஸ்' ஆரம்பத்துல நீருக்கடியில இருந்து வர்ற மாதிரி ஒரு 'டிங்' கேட்குதே, அது என்ன?

பியானோவின் ஒரே ஒரு கட்டை. ரைட் அதைத் தட்ட, அந்த ஒலியை லெஸ்லி என்ற சுழலும் ஒலிபெருக்கி வழியாக அனுப்பினார்கள். கடலடியில் எதையோ தேடி அனுப்பும் சைகை போல அது கேட்கிறது. அப்போது அவர்களிடம் பாட்டு எதுவும் இல்லை. தோன்றியதையெல்லாம் துண்டு துண்டாகப் பதிந்து, 'ஒன்றுமில்லை' என்ற பொருளில் பெயர் வைத்து எண்ணிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஒன்றுமில்லாத துண்டுகளிலிருந்துதான் 'மெடில்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிறைக்கும் இருபத்து மூன்றரை நிமிடப் படைப்பு பிறந்தது.

அதன் நடுப்பகுதியில் திமிங்கிலமோ கடற்பறவையோ அலறுவதுபோல ஓர் ஓசை வரும். அதுவும் கில்மோரின் கிடார்தான். கிடாரின் ஒலியைக் காலால் மாற்ற உதவும் வா-வா பெடலில் இணைப்பு வயர்களைத் தலைகீழாக மாட்டியதால் அந்த ஓசை பிறந்தது. பிழையாக இணைத்தது காதுக்குப் பிடித்துப்போகவே அதையே வாத்தியமாக்கிக்கொண்டார்கள். இந்தப் பாடலை அவர்கள் வாசிப்பதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, 1971 அக்டோபரில் இத்தாலியின் பாம்பெய் நகரத்து இடிபாடுகளுக்கு நடுவே, பழைய ரோமானிய வட்டரங்கில் பார்வையாளர் எவருமின்றிப் படமாக்கிய கச்சேரி இருக்கிறது. வெயிலில் காயும் வெறும் கற்படிகளுக்கு முன்னால் நால்வரும் வாசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், இந்த இசைக்கு ஏன் இவ்வளவு வெளி தேவைப்பட்டது என்று விளங்கும்.

'மணி' பாட்டுல தாளம் எங்கேயோ இடறுதே, எனக்கு மட்டும்தான் அப்படியா?

இடறவில்லை, 'டார்க் சைட்' ஆல்பத்தில் பணத்தைப் பற்றி வரும் அந்தப் பாட்டு ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் நடக்கிறது. ராக் இசை பெரும்பாலும் நான்கில் நடப்பதால், எட்டாவதை எதிர்பார்க்கும் காலுக்கு ஒன்று குறைவதுபோலத் தெரிகிறது. மிஸ்ர சாபுக்குப் பழகிய காதுக்கு இது பெரிய விஷயமன்று. சாக்ஸபோன் முடிந்து கிடார் தனித்து வாசிக்கும் இடத்தில் தாளம் நான்குக்கு மாறி ஓட்டமெடுப்பதையும், பிறகு ஏழுக்கே திரும்புவதையும் எண்ணிப் பாருங்கள்.

தொடக்கத்தில் கேட்கும் சில்லறைச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் காகிதம் கிழிபடும் சத்தமும் ஏழு எண்ணிக்கைக்குள் அடங்குவது தற்செயல் அன்று. ஒவ்வொரு சத்தத்தையும் ஒலிநாடாவில் பதிந்து, ஒரே நீளத் துண்டுகளாக அளந்து வெட்டி, வரிசையாக ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டார்கள். கணினி இல்லாத காலத்தில் தாளம் என்பது கத்தரிக்கோலும் அளவுகோலும்தான்.

'டார்க் சைட்' ஆல்பத்தை 'விசர்ட் ஆஃப் ஆஸ்' படத்தோட சேர்த்து ஓட்டினா பொருந்துமாமே?

1939-இல் வந்த அந்தப் படத்துக்கும் இந்த ஆல்பத்துக்கும் திட்டமிட்ட தொடர்பு எதுவும் இல்லை என்று குழுவினர் மறுத்திருக்கிறார்கள். எந்த இசையை எந்தப் படத்தோடு ஓட்டினாலும் சில இடங்கள் பொருந்தத்தான் செய்யும்.

சிட் பாரெட்டுக்கு என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் அவரைப் பத்தியே பேசறாங்க?

முதல் ஆல்பம் வெளிவந்த 1967-இலேயே அவர் நிலைகுலையத் தொடங்கிவிட்டார். மேடையில் வாசிக்காமல் வெறித்துப் பார்த்தபடி நிற்பதும், ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுவதுமாக இருந்தார். அவருக்குத் துணையாகத்தான் கில்மோரைச் சேர்த்தார்கள். அவர் பாரெட்டின் பழைய நண்பர். சில வாரங்கள் ஐவராக ஓடியது. பிறகு 1968 ஜனவரியில் ஒரு நாள், கச்சேரிக்குப் போகும் வழியில், சிட்டை அழைத்துக்கொள்ள வேண்டுமா என்று வண்டியில் ஒருவர் கேட்க, வேண்டாம் என்று முடிவாயிற்று. ஒரு குழுவைத் தோற்றுவித்த மனிதன் அதிலிருந்து வெளியேறியது இப்படித்தான். அந்த ஏப்ரலில் பிரிவு முறைப்படி அறிவிக்கப்பட்டது. 1970-இல் வந்த அவருடைய இரண்டு தனி ஆல்பங்களை உருவாக்க, கில்மோர் உள்ளிட்ட பழைய நண்பர்கள் உதவினார்கள்.

1975 ஜூன் 5 அன்று, மேலே நான் விரிவாகச் சொன்ன 'ஷைன் ஆன்' பாடலின் வேலை லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. அது பாரெட்டைப் பற்றிய பாட்டு. தலையையும் புருவங்களையும் மழித்த, உடல் பெருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாரோ பணியாள் என்று நினைத்தவர்களுக்கு, அது சிட் என்று தெரிய வெகுநேரம் ஆயிற்று. அவர் பின்னர் கேம்பிரிட்ஜில் ஓவியம் தீட்டுவதும் தோட்டம் பார்ப்பதுமாக ஒதுங்கி வாழ்ந்து, 2006 ஜூலை 7 அன்று 60-ஆம் வயதில் காலமானார்.

வாட்டர்ஸ் பெரியவரா, கில்மோர் பெரியவரா?

வரியும் கருத்தும் வாட்டர்ஸிடமிருந்து வந்தன; குரலின் இதமும் கிடாரின் அழுகையும் கில்மோரிடமிருந்து. இந்தச் சண்டையில் எல்லோரும் மறந்துவிடும் ரிச்சர்ட் ரைட்டைத்தான் நான் சொல்வேன். ஜாஸ் இசையில் ஊறியவர் அவர். 'பிரீத்' பாடலில் வரும் ஒரு ஸ்வரக்கூட்டை மைல்ஸ் டேவிஸின் ஆல்பம் ஒன்றிலிருந்து கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். 'அஸ் அண்ட் தெம்' பாடலின் பியானோ, முதலில் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் படத்துக்காக அவர் அமைத்து ஒதுக்கப்பட்ட இசை. 'எக்கோஸ்' தொடக்கத்து ஒற்றைக் கட்டையும் 'கிரேட் கிக்' பியானோவும் அவருடையவை என்பதை மேலே பார்த்தோம். இந்த இசையில் நமக்குப் பிடித்த வெளி பெரும்பாலும் அவர் விரித்தது.

'த வால்' எனக்கு ஒட்டவே இல்லை. என்கிட்டதான் கோளாறா?

கோளாறு ஏதுமில்லை. 1977-இல் மாண்ட்ரியல் கச்சேரியில் கூச்சலிட்ட ரசிகர் ஒருவர்மேல் வாட்டர்ஸ் எச்சில் துப்பினார். அந்த வெட்கத்திலிருந்து, தனக்கும் பார்வையாளருக்கும் நடுவே எழும் சுவர் என்ற எண்ணம் பிறந்து, 1979-இல் இரட்டை ஆல்பமாயிற்று. அது ஒரு மனிதரின் கதை. மற்றவர்களின் மூச்சு அதில் குறைவு. ரைட்டைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டு, மேடைக்குச் சம்பளக்காரராக அழைத்துக்கொண்டார்கள். அதன் ஆற்றலை நான் மறுக்கவில்லை. 'கம்ஃபர்டபிளி நம்ப்' பாடலின் இரண்டாவது கிடார் பகுதியை எத்தனை முறை கேட்டாலும் எனக்குப் போதாது. முதலில் மற்றவற்றைக் கேட்டுவிட்டு, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு இதற்கு வாருங்கள்.

வாட்டர்ஸ் போனதுக்கப்புறம் வந்ததைக் கேட்கணுமா?

1985-இல் அவர் விலகினார். பெயர் யாருக்கு என்பதில் சட்டச் சண்டை நடந்து 1987-இல் தீர்ந்தது. பிற்கால ஆல்பங்களில் 1994-இன் 'த டிவிஷன் பெல்' அவசியம் கேட்க வேண்டியது. ரைட் முழு உறுப்பினராகத் திரும்பி வந்து ஒரு பாட்டையும் பாடுகிறார். 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 மேடையில் வாட்டர்ஸ், கில்மோர், ரைட், மேசன் நால்வரும் 24 ஆண்டுகளுக்குப் பிறகு சேர்ந்து வாசித்தார்கள். அதுவே கடைசி. ரைட் 2008-இல் மறைந்தார்.

பல வருஷமா கேட்கறேன். எல்லாம் மனப்பாடம். இன்னும் புதுசா கண்டுபிடிக்க ஏதாவது இருக்கா?

இருக்கிறது. ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். நிக் மேசன் எங்கே அடிக்காமல் விடுகிறார் என்று கேளுங்கள். 'விஷ் யூ வேர் ஹியர்' என்ற பாட்டின் தொடக்கத்தில், பழைய வானொலியிலிருந்து வருவதுபோல ஒல்லியாக ஒரு கிடார் ஒலிக்கும். அறைக்குள் யாரோ ஒருவர் அதற்கு ஒத்து வாசிப்பதுபோல இன்னொரு கிடார் நிறைவான ஒலியோடு சேர்ந்துகொள்ளும். அவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இருமல் பதிவாகியிருக்கிறது. அதை நான் கவனிக்க ஆண்டுகள் ஆயின.

பிறகு அதே ஆல்பத்தின் கடைசி நிமிடத்துக்குப் போங்கள். 'ஷைன் ஆன்' பாடலின் ஒன்பதாம் பகுதி, ரைட் அமைத்தது. குரல்கள் எப்போதோ ஓய்ந்துவிட்டன, ஒலி மெல்ல மெல்லத் தேய்கிறது. ஒலியளவைச் சற்றுக் கூட்டி வைத்துக் காத்திருங்கள். எல்லாம் அணையப்போகும் தறுவாயில் ரைட்டின் சிந்தசைசர் ஒரு சின்ன மெட்டைத் தொட்டுவிட்டுப் போகும். அது 'சீ எமிலி ப்ளே'.